மாணவர் நலக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: தற்கொலைத் தடுப்புக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கல்லூரியின் மாணவர் நலக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். நீங்களாகவே கை தூக்கியிருக்கலாம்; வகுப்புப் பொறுப்பாசிரியர் என்பதாலோ ஹாஸ்டல் வார்டன் என்பதாலோ தானாக வந்து சேர்ந்த வேலையாகவும் இருக்கலாம். அரைநாள் பயிற்சி கொடுத்திருப்பார்கள், ஒரு வாட்ஸ்அப் குழுவில் இணைத்திருப்பார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு மாணவர் வந்து "எனக்கு இருக்கவே பிடிக்கல" என்று சொன்னால் என்ன செய்வது? இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

நீங்கள் யாரையும் குணப்படுத்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டும், நேராகக் கேட்க வேண்டும், சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதில் கடைசி வேலையில்தான் பெரும்பாலான வளாகங்கள் கோட்டை விடுகின்றன. ஏதோ சரியில்லை என்று நண்பனுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், கவுன்சிலரும் அறையில்தான் இருப்பார். ஆனால் மாணவர் அந்த அறை வரை போய்ச் சேரவே மாட்டார்.

இதை உங்களுக்காகவே தேடிப் படிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இப்போது ஒரு மனிதக் குரலோடு பேசுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலங்கையில் 1926. சிங்கப்பூரில் 1767. பிரிட்டனில் 116 123. ஆஸ்திரேலியாவில் 13 11 14. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

முதல் வாரம்: எண்களைச் சரிபாருங்கள்

பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் போதும்: சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஒரு மாணவர் ஆபத்தில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

அலுவலக நேரத்தில் கவுன்சிலர் இருப்பார். சனி இரவில்? வார்டனில் யார் டூட்டி? அந்த நேரத்தில் கேட்டைத் திறக்க யாருடைய அனுமதி வேண்டும்? வண்டிக்கு யாரிடம் கேட்பது? பக்கத்தில் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு மனநல நெருக்கடியோடு வருபவரையும் பார்க்கும்? மாணவரின் வீட்டு எண் எந்தக் கோப்பில் இருக்கிறது, அந்தக் கோப்பு இரவில் பூட்டிய அறைக்குள் இருக்குமா? இவற்றுக்கெல்லாம் விடை தெரியாமல் எவ்வளவு அன்பாகப் பேசக் கற்றிருந்தாலும், அந்த இரவில் தடுமாறத்தான் செய்வீர்கள்.

சுவரொட்டியில் இருக்கும் எண்களுக்கு நீங்களே ஒருமுறை போன் செய்து பாருங்கள். வேலை மாறிப் போனவரின் எண் இன்னும் நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருப்பது ஒன்றும் அபூர்வமில்லை. கவுன்சிலரை நேரில் போய்ப் பாருங்கள், பெயரைச் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். முன்பதிவு வேண்டுமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், பேசியது துறைக்கோ வீட்டுக்கோ போகுமா என்று கேளுங்கள். மாணவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவதும் இந்தக் கடைசிக் கேள்விதான். "போகாது" என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். எப்போது ரகசியம் காக்கப்படும், உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்கு எந்த அளவுக்குச் சொல்லப்படும் என்று கவுன்சிலரிடமே கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கவனிப்பது

பயிற்சிகளில் நீளமான அறிகுறிப் பட்டியல் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மாற்றத்தை. எப்போதும் அமைதியாக இருப்பவர் அமைதியாக இருந்தால் அது செய்தி இல்லை. எல்லாரையும் கலாய்த்துக்கொண்டிருந்தவர் இரண்டு வாரமாகக் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தால், போய் என்னவென்று கேளுங்கள். தூக்கம் தலைகீழாவது, சாப்பிட வராமல் இருப்பது, குளிக்காமல் இருப்பது, வகுப்புக்கு வராமல் இருப்பது, குடி கூடுவது, "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, விடைபெறுவது போன்ற மெசேஜ். நீண்ட நாள் தவிப்புக்குப் பிறகு காரணமே இல்லாமல் திடீரென்று வரும் நிம்மதியும் இதில் சேரும். "பரவாயில்ல, தேறிட்டான்" என்று சுற்றியிருப்பவர்கள் ஏமாந்துபோவது அங்கேதான்.

காலத்தையும் பாருங்கள். தேர்வு முடிவு வந்த வாரம், காதல் முறிந்த நாட்கள், ராகிங்கோ அவமானமோ நடந்த பிறகு, கட்டணம் கட்ட முடியாத நெருக்கடி, வளாகத்தில் இன்னொரு மரணம். மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் சில வாரங்கள் குறிப்பாக ஆபத்தானவை. வந்துவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் மூச்சு விடும் நேரம் அது. ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தெரிந்த ஆபத்துக் காரணிகளில் முக்கியமானது அது.

இவ்வளவும் தெரிந்தாலும் யாராலும் துல்லியமாகக் கணிக்க முடியாது. 50 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தெரிந்த ஆபத்துக் காரணிகளை வைத்துக் கணிப்பதே குருட்டு ஊகத்தைவிடச் சற்றுதான் மேல் என்று காட்டியது. அதனால் "இவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்று முடிவு கட்டும் வேலையை விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவதே வழி.

எப்படிக் கேட்பது

புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம்: நாம் கேட்டு, இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடுவோமோ? விதைக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு அதனால் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது சற்று ஆறுதலாகவே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

இடம் முக்கியம். கேன்டீன் வேண்டாம், துறைத் தலைவர் அறை வேண்டவே வேண்டாம். நடந்துகொண்டே பேசுவது பலருக்கு எளிது. முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. போனை சைலன்ட்டில் போட்டு உள்ளே வையுங்கள்.

ஒரு சீனியர் தன் ஜூனியரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்:

"ரெண்டு வாரமா கிளாஸ் பக்கமே வரலையே. ராத்திரி தூங்கறதும் இல்லன்னு ரூம்ல சொன்னாங்க. என்ன ஆச்சுடா?"

"ஒண்ணுமில்லண்ணா. டயர்டா இருக்கு."

"டயர்டுன்னா?"

"எல்லாமே. வீட்ல கடன் வாங்கிப் படிக்க வச்சாங்க. நான் இல்லாமப் போயிட்டா அவங்களாவது நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுது."

"இந்த மாதிரி கஷ்டத்துல சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்கும் தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?"

"...சில நேரம்."

"சொன்னது நல்லதுடா. நான் எங்கயும் போகல. இன்னும் கொஞ்சம் கேட்கலாமா?"

இதில் திறமையான வரி "டயர்டுன்னா?" என்பதுதான். "ஒண்ணுமில்ல" என்றதும் விட்டுவிட்டுப் போவது சுலபம். ஒரே வார்த்தையில் கதவு திறந்தே வைக்கப்பட்டது. அடுத்து, சுற்றி வளைக்காமல் கேட்டார். "தப்பா எதுவும் யோசிக்கலதானே?" என்று கேட்டிருந்தால் "இல்லண்ணா" என்ற பதில்தான் வந்திருக்கும், ஏனென்றால் அந்தக் கேள்வியே அந்தப் பதிலைக் கெஞ்சிக் கேட்கிறது. சத்தமாகச் சொல்லிப் பழகாவிட்டால் "தற்கொலை" என்ற சொல் நேரத்தில் வாய்க்கு வராது. குழுவில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பழகுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பழகுங்கள்.

"ஆமாம்" என்று வந்துவிட்டால் இன்னும் நான்கு விஷயம் தெரிய வேண்டும். எப்படி என்று யோசித்திருக்கிறாரா. செய்தே தீருவது என்ற எண்ணம் இருக்கிறதா. அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா. முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா. ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அறிவதற்குத்தான் இது. அதற்குமேல் விவரம் தோண்ட வேண்டாம்.

அப்புறம் கேட்டுக்கொண்டிருங்கள். அறிவுரை வேண்டாம். "அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு" என்பது நல்லெண்ணத்தில் வருவதுதான், ஆனால் ஏற்கெனவே குற்ற உணர்வில் மூழ்கியவரின் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கி வைக்கிறது. "இதெல்லாம் ஒரு விஷயமா", "எனக்கெல்லாம் இதைவிடப் பெரிய பிரச்சினை வந்துச்சு", "கோழைதான் இப்படி யோசிப்பான்" எல்லாம் அதே ரகம். மௌனம் வந்தால் வரட்டும், நிரப்ப அவசரப்படாதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "கண்டவங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா தனியா வச்சுக்க மாட்டேன். யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லுங்கள். கோபப்படலாம். படட்டும்.

எவ்வளவு அவசரம்

வழியும் யோசித்திருக்கிறார், பொருளும் கையில் இருக்கிறது, செய்யும் எண்ணமும் இருக்கிறது என்றால் இப்போதே செயல்பட வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் டூட்டி வார்டனையும் அவசர எண்ணையும் அழைக்கட்டும். ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ எதையாவது உட்கொண்டாலோ, பார்க்க நன்றாக இருக்கிறார் என்பதை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால் அன்றைக்கோ மறுநாளோ கவுன்சிலரைப் பார்க்க வைக்க வேண்டும், அதுவரை யார் கூட இருப்பது என்று பேசி வைக்க வேண்டும். எது என்று புரியவில்லையா? அவசரம் என்றே எடுத்துக்கொண்டு ஹெல்ப்லைனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். நெருக்கடியில் இருப்பவர் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூட இருப்பவரும் கேட்கலாம்.

ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவதை யாரும் சிறிய வேலையாக நினைத்துவிடக் கூடாது. உந்துதல் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்கு மிகக் குறுகியது. அந்த நேரம் கைக்கு எதுவும் எட்டாவிட்டால் பெரும்பாலும் கடந்துபோய்விடும். "ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றைத் தேடிப் போவார்கள்" என்பது எல்லாரும் சொல்வதுதான், ஆனால் பெரும்பாலோர் அப்படிப் போவதில்லை. மாணவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அறையைப் போலீஸ் சோதனை போலப் புரட்டிப் போடாதீர்கள்.

பாதுகாப்புத் திட்டம்: ஒரு பக்கம் போதும்

"இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடு" என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அது கல்லூரியின் மனதைத் தேற்றும். மாணவரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரமில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம். அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தோடு தொடர் போன் விசாரிப்பும் கிடைத்தவர்களிடம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் வந்த ஆய்வு காட்டியது.

கவுன்சிலரோடு சேர்ந்து போடுவது நல்லது. அவர் வரத் தாமதமானால் நீங்களே ஆரம்பித்து வைக்கலாம். மாணவர் தன் கையெழுத்தில், தன் சொற்களில் எழுத வேண்டும். நிரப்பிய ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மோசமாகப் போகிறது என்று எனக்கே தெரியும் அடையாளம்: யார் மெசேஜ் போட்டாலும் போனைக் கவிழ்த்து வைப்பேன், விடியும் வரை மார்க் லிஸ்ட்டையே திறந்து பார்ப்பேன்.
நானாகச் செய்யக்கூடியது: குளிப்பது, மொட்டை மாடியைத் தவிர்த்துக் கீழே மைதானத்தில் இரண்டு சுற்று நடப்பது.
மனம் திசைமாறப் போய் உட்காரும் இடம்: லைப்ரரி ரீடிங் ஹால், கேரம் ரூம்.
உதவி கேட்கக்கூடியவர்கள்: ரூம்மேட், சித்தி.
கல்லூரியில், வெளியில்: கவுன்சிலர் எண், இரவு வார்டன் எண், ஹெல்ப்லைன்.
என் சுற்றுப்புறத்தைப் பத்திரமாக்க: மாத்திரை டப்பா ரூம்மேட்டிடம் இருக்கும், அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வேன்."

"மனதைத் தேற்றிக்கொள்வேன்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. எந்த இடம், எந்த நபர், எந்த எண் என்று இருக்க வேண்டும். சித்தியின் பெயர் எழுதினால், சித்தியிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டதா என்று கேளுங்கள். எழுதியதைப் போட்டோ எடுத்து அவர் போனில் சுலபமாகக் கிடைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

"கவுன்சிலரைப் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்புவது வேலையை முடித்ததாகாது. அந்த மனநிலையில் இருப்பவருக்கு ஒரு போன் செய்வதே மலையைத் தூக்குவது போல. அவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் போன் செய்து நேரம் வாங்குங்கள். அந்த நேரத்துக்கு அறை வாசலிலிருந்து கூடவே நடந்து போங்கள். வழியில் "உள்ளே என்ன கேட்பாங்க?" என்று கேட்பார், சொல்லுங்கள். கதவருகே கவுன்சிலரிடம், மாணவர் முன்னிலையிலேயே, இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா தற்கொலை எண்ணம் இருக்குன்னு நேத்து சொன்னார். ராத்திரி ரூம்மேட் கூட இருந்தார்." தன் கதையை முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டுமே என்ற சோர்வு இதனால் குறையும், முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டார்கள் என்ற சந்தேகமும் வராது. வெளியே காத்திருங்கள்.

கவுன்சிலர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் அதையும் இதே மாதிரி. மருந்து கொடுத்தால் "அடிமையாக்கிடும், நிறுத்திடு" என்று சொல்லும் அறைத் தோழர்கள் கட்டாயம் இருப்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குச் சொல்வது சிக்கலான இடம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கல்லூரி பெரும்பாலும் சொல்லியாக வேண்டியிருக்கும். ஆனால் யாரிடம் சொல்வது என்று மாணவரைக் கேளுங்கள். சில வீடுகளில் அப்பாவைவிட அக்கா பாதுகாப்பான காது. பிரச்சினையே வீட்டு வன்முறைதான் என்றால் அதைக் கவுன்சிலரிடம் சொல்லாமல் யாரும் போனை எடுக்கக் கூடாது. "உங்க பையனைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று பெட்டியைக் கட்டி அனுப்பும் நிர்வாகங்களும் உண்டு. அதைப் பார்த்த மற்ற மாணவர்கள் அதன்பிறகு வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

அதற்குப் பிறகான வாரங்கள்

முதல் நாள் ஐந்து பேர் சூழ்ந்து நிற்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் நாட்காட்டியில் அந்த மூன்றாவது வாரத்தைக் குறித்து வையுங்கள்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போனபின் தொடர் சிகிச்சையை வேண்டாம் என்ற 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவ்வப்போது சிறு கடிதம் எழுதினார். நலமா என்ற விசாரிப்புதான், எந்தக் கோரிக்கையும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தற்கொலை குறைவாக இருந்தது. உங்களுக்குக் கடிதம்கூட வேண்டாம். "சும்மா ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை கேரம் ஆட வரேன்" என்று ஒரு மெசேஜ் போதும். சொன்னால் வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

அப்புறம் காகித வேலை. அட்டெண்டன்ஸ் குறைவு, தவறிய தேர்வு, கட்ட வேண்டிய கட்டணம். மனம் ஓரளவு தேறி வகுப்புக்குத் திரும்புபவரை முதல் நாளே வருகைப் பட்டியல் வழிமறித்தால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். யாரிடம் மனு கொடுப்பது, என்ன சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் விசாரித்து வைப்பது பல நேரம் ஆறுதல் பேச்சைவிடப் பெரிய உதவி.

ஒரு மரணம் நடந்துவிட்டால்

செய்த விதம், இடம், படம், கடைசிக் கடிதம் எதுவும் குழுக்களில் பரவக் கூடாது. விதத்தை விவரிப்பதும், "ஒரே ஒரு மார்க்குக்காக" என்று ஒற்றைக் காரணம் சொல்வதும், பரபரப்பாக்குவதும் பலவீனமான நிலையில் இருக்கும் இன்னொருவரை அதே வழிக்கு இழுக்கும் என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். மாறாக, நெருக்கடியைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்தி காப்பாற்றவும் கூடும். நெருங்கிய நண்பர்கள், அறைத் தோழர், முதலில் கண்டவர், அவரோடு அண்மையில் சண்டை போட்டவர் ஆகியோரின் பெயர்களை எழுதிக்கொண்டு அன்றைக்கே ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். சண்டை போட்டவரைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

உங்களைப் பற்றி

இரவுப் பொறுப்பை மாறி மாறி எடுங்கள்; ஒரே ஆள் எல்லா இரவும் போனை வைத்திருக்கும் குழு ஒரு செமஸ்டர் தாங்காது. கனமான பேச்சு ஒன்று முடிந்த மறுநாள், பெயர் சொல்லாமல் கவுன்சிலரிடம் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவரை இழக்க நேரலாம். அப்போது உங்களுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று இப்போதே குழுவில் பேசி வையுங்கள். உங்களுக்கே அந்த எண்ணம் வந்தால், மேலே சொன்ன எண்கள் உங்களுக்கும்தான். அதற்காகக் குழுவை விட்டு விலக வேண்டியதில்லை. தேறும் வரை உங்கள் இரவுப் பொறுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.